பந்தக்கால் நட்ட பொறவு

போன மாசம் எங்க ஊரு வியாபாரிக கூட்டத்துல என்னயப் பேசக் கூப்பிட்டாக. "அண்ணாச்சி, நீங்க மிலிட்டரில இருந்தவரு. நம்ம கடைகள்ல வேலை பாக்குத பயலுவளுக்கு ஒழுங்குங்கதே இல்ல. மேல இருக்கவன் சொன்னா கீழ இருக்கவன் மறுபேச்சுப் பேசாமக் கேக்கணும். அந்த ராணுவக் கட்டுப்பாட்டப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்க"ன்னாரு தலைவரு. எனக்கு அங்கனயே சுர்ருன்னு ஏறுச்சு. இவங்க எல்லாரும் சினிமாவுல பாத்த ராணுவத்த வச்சுப் பேசுதாங்க. பூட்ஸ் சத்தமும் சல்யூட்டும் 'எஸ் சார்'உம்தான் ராணுவம்னு நெனைப்பு. நான் மைக்கப் பிடிச்சு, "கெட்ட சேதி கொண்டு வாரவனுக்கு முதல்ல ஒரு டீ வாங்கிக் குடுங்க. பொறவு உக்கார வச்சுச் சேதியக் கேளுங்க. நான் படிச்ச ராணுவ ஒழுங்கு அவ்வளவுதான்"ன்னேன்.

எல்லாரும் சிரிச்சாக. பொன்னாடை போத்துனாக. "அண்ணாச்சி தமாஷாப் பேசுதாரு"ன்னு ஒருத்தர் எங்கையப் பிடிச்சுக் குலுக்குனாரு. முன்வரிசையில உக்காந்து கூடக் கொஞ்சம் பலமாக் கைதட்டுனது யாருன்னு கேக்கீங்களா? எங்க அத்தான். எங்கூடப் பொறந்த அக்கா வீட்டுக்காரரு. சாமி சத்தியமாச் சொல்லுதேன், அந்தக் கைதட்டலக் கேட்டதும் பொன்னாடையச் சுருட்டி அவரு மூஞ்சியிலயே எறியணும் போல இருந்துச்சு. அது ஏன்னு சொன்னாத்தான் என் வயித்தெரிச்சல் கொஞ்சமாவது அடங்கும்.

அத்தானுக்குப் பந்தல் தொழில். கல்யாணம், சடங்கு, காதுகுத்து, கோயில் கொடை, கட்சிக் கூட்டம் எதுன்னாலும் இரும்புக் குழாய் நட்டு, மேல தகரமோ துணியோ போட்டு, நாற்காலி, ஃபேன், சீரியல் லைட்டு வரைக்கும் எல்லாம் அவருதான். சங்கரன்கோவில சுத்தி எந்த ஊர்ல தாலி ஏறுனாலும் அத்தான் பந்தலுக்கு அடியிலதான் ஏறும்னு பெருமையாச் சொல்லுவாரு. பொய்யில்ல, உழைப்பாளிதான். அவருக்குக் கீழ ஒரு மேஸ்திரி. மேஸ்திரிக்குக் கீழ குழாய் தூக்குறவங்க, கயிறு கட்டுறவங்க. அதுல ஒருத்தர்தான் மேல ஏறுதவரு.

அவரு பனவடலிசத்திரத்துக்காரரு. நாப்பது வயசு இருக்கும். வீட்டுல பொண்டாட்டி பீடி சுத்துதா, ரெண்டு பொம்பளப் பிள்ளைக படிக்குதுக. ஏணி எட்டாத உயரத்துக்குக் குழாயக் காலால கவ்விக்கிட்டு ஏறிப் போயி, உச்சியில துணிய இழுத்துக் கட்டிட்டு வாரது அவரு சோலி. பந்தல் நிக்கும்போது கீழ நின்னு படம் எடுக்க ஆயிரம் பேரு வருவான். பந்தல் சரிஞ்சா முதல்ல கீழ வாரது அவருதான். சொல்லப் போறத ஒளிச்சு வச்சு வேடிக்கை காட்ட எனக்குத் தெரியாது, இப்பவே சொல்லிப்புடுதேன். இதுல பணயமா இருந்தது எங்க அத்தான் பேரும் இல்ல, என் மானமும் இல்ல. அந்த மனுசனோட உசுரும் கைகாலும்தான்.

இப்ப எங்க பக்கத்து வழக்கம் ஒண்ணு சொல்லணும். கல்யாண வீட்டுல பந்தல் போடுறதுக்கு முன்னால பந்தக்கால் நடுவாங்கல்லா? மஞ்ச பூசி, மாவிலை கட்டி, நவதானியம் போட்டு, சுமங்கலிக நின்னு நடுற கால். அத நட்ட பொறவு அந்த எடத்துல கெட்ட வார்த்தை பேசக் கூடாது. கெட்ட வார்த்தைன்னா ஏச்சுன்னு நெனைக்காதீங்க. விழும், சாயும், முறியும், பத்தாது, முடியாது எல்லாமே கெட்ட வார்த்தைதான். விளக்க அணைன்னு சொல்லாம அமர்த்துன்னு சொல்லுத ஊரு இது. வெளிய கிளம்பும்போது போறேன்னு சொன்னா, வாரேன்னு சொல்லுன்னு திருத்துற ஊரு. அதெல்லாம் சரிதான், கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா பந்தல்காரனும் அதையே பிடிச்சுக்கிட்டுத் தொங்குனா எங்கன போயி முட்டுறது? எங்க அத்தான் அந்த வழக்கத்த அப்படியே கம்பெனிச் சட்டமா மாத்தி வச்சிருந்தாரு. பந்தக்கால் நட்ட பொறவு அவருகிட்ட எவனும் குறைன்னு வாயத் திறக்கக் கூடாது. கயிறு நைஞ்சிருந்தாலும் சரி, குழாயில துரு ஏறியிருந்தாலும் சரி, "எல்லாம் ஜம்முன்னு இருக்கு முதலாளி"ன்னுதான் சொல்லணும்.

போன்ல ஒரு குரூப் வேற. அத்தான் அதுல பந்தல் படத்தப் போடுவாரு. உடனே எல்லாரும் கும்பிட்ட கையா அனுப்புவாங்க. ஒருத்தன் ஒரு தடவை, "ஜெனரேட்டர்ல புகை வருது"ன்னு போட்டான். கீழ ஒரு கும்பிட்ட கை கூட விழல. மறுநாள் அவன் பேரே குரூப்புல இல்ல.

நான் ராணுவத்துல பாலம் போடுற பிரிவுல இருந்தேன். மலையிலயும் ஆத்துலயும் இரும்புப் பாலத்தப் பூட்டி வண்டியக் கடத்தி விடுறது எங்க வேலை. சிப்பாயாச் சேந்து ஹவில்தாரா வெளிய வந்தேன். சேந்த புதுசுல வடக்க ஒரு ஆத்துல பாலம் போட்டோம். பனி உருகி வாற தண்ணி, கரையெல்லாம் ஊறிக் கெடந்துச்சு. பாலத்த இழுத்துப் பிடிக்கிற கம்பி வடத்துக்குக் கரையில இரும்பு முளை அடிச்சிருந்தோம். நான் நின்ன பக்கம் அந்த முளை லேசா அசையுது. எங்கூட நின்ன அஞ்சாறு பேரும் பாத்தானுவ. ஒருத்தனும் வாயத் திறக்கல. அக்கரையில வண்டிக வரிசையா நிக்கு, பெரிய அதிகாரி ஒருத்தர் வாட்ச்சப் பாத்துக்கிட்டு நிக்காரு. எங்க கேப்டன் வயர்லெஸ்ல, "தயாரா?"ன்னு கேட்டாரு. சுபேதார் என் முதுகுல குத்துதாரு, தயார்னு சொல்லுலேன்னு. ஆனாலும், "இல்ல சாப், முளை பிடிக்கல"ன்னுட்டேன்.

கேப்டன் இந்தப் பக்கம் வந்தாரு. குனிஞ்சு பாத்தாரு. வண்டிய நிப்பாட்டிட்டாரு. பெரிய அதிகாரி அவரப் பிடிச்சுக் காச்சு காச்சுன்னு காச்சுனாரு, மனுசன் வெறைப்பா நின்னு வாங்கிக்கிட்டாரு. என் பேர அவருகிட்டச் சொல்லவே இல்ல. வண்டியெல்லாம் ஒழுங்காக் கடந்த பொறவு எங்கள வரிசையா நிக்க வச்சாரு. "முளை அசைஞ்சதப் பாத்தவன்லாம் ஒரு அடி முன்னால வா"ன்னாரு. அஞ்சாறு பேரும் வந்தானுவ, பரிசு கெடைக்கும்னு நெனைச்சிருப்பானுவ போல. "பாத்துட்டுச் சொல்லாம நின்னீங்கல்லா, மூட்டையத் தூக்கிக்கிட்டு ஓடுங்க"ன்னாரு. நாக்குத் தள்ளுற வரைக்கும் ஓட விட்டாரு.

அங்க எல்லா அதிகாரியும் அப்படின்னு நான் சொல்ல மாட்டேன். ஜால்ரா தட்டி மேல போனவன் ராணுவத்துலயும் உண்டு, கண்ணால பாத்திருக்கேன். ஆனா அந்த ஒரு கேப்டன் போதும் எனக்கு. தப்பச் சொன்னவனுக்குத் தண்டனை இல்ல, பாத்துட்டு மறைச்சவனுக்குத்தான் தண்டனைன்னு ஒரு தடவை கண்ணால பாத்தவனுக்கு ஆயுசுக்கும் வாய் அடையாது.

பென்ஷனோட ஊருக்கு வந்ததும் அத்தான்தான் கூப்பிட்டாரு. "மாப்ள, வீட்டுல சும்மா கெடந்து என்ன செய்யப் போற? நம்ம கம்பெனியப் பாத்துக்க. எனக்கு ஒரு நம்பிக்கையான ஆளு வேணும்"ன்னாரு. அக்காவும் சந்தோசமாச் சொன்னா. சரின்னு போனேன். வாரம் பொறந்தா குடோன்ல எல்லாரையும் உக்கார வச்சு டீ குடுத்து, "என்ன குறை இருக்கு, சொல்லுங்கப்பா"ன்னு கேப்பேன். ஒருத்தனும் வாயத் திறக்க மாட்டான். "ஒண்ணுமில்லண்ணாச்சி, எல்லாம் நல்லாருக்கு." கூட்டம் முடிஞ்சு வெளிய வந்தா, ஒவ்வொருத்தனா எம் பின்னாலயே வந்து, கயிறு இத்துப் போச்சு, வெல்டிங் விட்டுப் போச்சுன்னு காதக் கடிப்பான். "இத உள்ள வச்சுச் சொல்ல வேண்டியதுதான லே?"ன்னு கேட்டா, "மேஸ்திரி இருந்தாருல்லா"ம்பான். அத்தானோ, "பாத்தியா மாப்ள, குறைன்னு ஒருத்தன் சொல்லுதானா?"ன்னு மீசையத் தடவுவாரு.

முதல்ல வாயத் திறந்தது ஏறுதவருதான். ஒரு நாள் எல்லாரும் இருக்கும்போதே, "அண்ணாச்சி, ஏணியில ரெண்டு படி ஆடுது"ன்னாரு. மேஸ்திரி மொறைச்சாரு. நான் நேரா அத்தான்கிட்டப் போயி, முணுமுணுத்துக்கிட்டே ஆனாலும் புது ஏணி வாங்க வச்சேன். அன்னைக்கு ஏறுதவரு முகத்துல ஒரு சிரிப்பு வந்துச்சு பாருங்க. அதுக்குப் பொறவு அவரு எங்கிட்ட எதையும் மறைக்கல. அவருக்கு வாய் வந்துச்சுன்னு எனக்கு அவ்வளவு சந்தோசம்.

வைகாசியில திருவேங்கடம் பக்கத்துல வெள்ளாமை பாக்குத ஒரு சம்சாரி வீட்டுக் கல்யாணம். வீட்ட ஒட்டுன கரிசக் காட்டுலயே பெரிய பந்தல். பந்தக்கால் நட்டு, குழாய் பூட்டி, தகரம் ஏத்தியாச்சு. அன்னைக்குச் சாயங்காலமே கோடை மழை கொட்டித் தீத்துருச்சு. கரிசல் மண்ணப் பத்தித் தெரியும்லா? காஞ்சா கடப்பாறை எறங்காது. நனைஞ்சா களி. பந்தல இழுத்துப் பிடிக்கிற கயிறெல்லாம் அந்தக் களியில அடிச்ச முளையிலதான் நிக்கு. மறுநாள் மத்தியானம் நான் போயி எறங்குனா, ஏறுதவரு உச்சியில இருந்து எறங்கி வேகமா வாராரு. "அண்ணாச்சி, மேல போனா தொட்டில் மாதிரி ஆடுது. மேஸ்திரிகிட்டச் சொன்னேன், வாயக் கழுவுலேங்காரு"ன்னாரு.

நான் போயி ஒரு முளையில கால வச்சு அழுத்துனேன். கேப்பைக் களியில சொருகுன கரண்டி மாதிரி அப்படியே சாஞ்சு வருது. அடுத்ததும் அப்படித்தான். சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. ஊரே வந்து அடியில உக்காரப் போகுது. மேக்க மானம் கருத்துக்கிட்டு நிக்கு, காத்து எப்ப எறங்குமோன்னு இருக்கு.

அத்தான் வெள்ளை வேட்டி சட்டையில பொண்ணோட அப்பாகூட நின்னு சிரிச்சுப் பேசிக்கிட்டு இருந்தாரு. தனியாக் கூப்பிட்டேன்.

"அத்தான், முளை எதுவும் பிடிக்கல. குழி தோண்டி மரக்கட்டையப் பொதச்சு அதுல கயிறக் கட்டணும். ரெண்டு மணி நேரம் ஆவும். அதுவரைக்கும் யாரும் உள்ள வரக் கூடாது, நம்ம ஆளு யாரும் மேல ஏறவும் கூடாது."

அவரு என்னயப் பாத்த பார்வை இருக்கே, நான் என்னமோ பொண்ணப் பத்தித் தப்பாப் பேசுன மாதிரி. "மாப்ள, பந்தக்கால் நட்ட எடத்துல நின்னுக்கிட்டு என்ன பேச்சு பேசுத?"

"பேச்சு இல்ல அத்தான், வந்து கால வச்சுப் பாருங்க."

"நான் எதுக்குப் பாக்கணும்? மேஸ்திரி பாத்துட்டாரு. ஜம்முன்னு இருக்குன்னுட்டாரு. இத்தன வருசமாப் பந்தல் போடுதேன், நேத்து வந்த நீ எனக்குச் சொல்லித் தாரியா? இப்பக் குழி தோண்டுனா ஊர்ல என்ன நெனைப்பாங்க? நல்ல நாளும் அதுவுமா எம் பேரக் கெடுக்காத. போ, போயி நாற்காலி எண்ணி எறக்கு."

மேஸ்திரி பக்கத்துல வந்து, "மொதலாளி சொல்லுதாருல்லா அண்ணாச்சி, சவத்த விடுங்க"ங்காரு. சவம்தான் விழும்லே மூதின்னு வாய் வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன். பொறவு என்ன தோணுச்சோ, நேரா பொண்ணோட அப்பாகிட்டப் போனேன். "ஐயா, கோவிச்சுக்கிடாதீங்க. மழையில மண்ணு எளகிருச்சு. பந்தல் நிக்கும்னு எனக்கு நம்பிக்கை இல்ல. இதுக்குள்ள யாரையும் உக்கார வைக்காதீங்க"ன்னு எல்லாருக்கும் கேக்கவே சொல்லிட்டேன்.

அம்புட்டுத்தான். பொம்பளைக ஒரே கூப்பாடு. பொண்ணுக்குச் சித்தி ஒருத்தி மாரில அடிச்சுக்கிட்டா. "கரிநாக்குப் பய, வெளங்குவானா"ன்னு ஒரு கிழவரு என்னயப் பாத்துக் காறித் துப்புனாரு. ஆனா பொண்ணோட அப்பா சம்சாரி, மண்ணு தெரிஞ்ச மனுசன். நேராப் போயி முளைய மிதிச்சுப் பாத்தாரு. திரும்பி வந்து, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த பஞ்சு குடோனத் திறக்கச் சொல்லி, அழைப்பு, சாப்பாடு, மறுநாள் தாலிகட்டு எல்லாத்தையும் அங்கன மாத்திட்டாரு. ஏறுதவரையும் நான் மேல ஏற விடல.

சாயங்காலம் காத்து வந்துச்சு. ஒரு ஆட்டு ஆட்டுச்சு. மேக்கு ஓரம் ரெண்டு தகரம் பிச்சுக்கிட்டு காட்டுல போயி விழுந்துச்சு. ஆனா பந்தல் நின்னுருச்சு! ஆமாய்யா, நின்னுருச்சு. சாஞ்சுக்கிட்டு, பல்லக் காட்டிக்கிட்டு, என்னயக் கேலி பண்ணுறதுக்குன்னே நின்னுச்சு. கரிநாக்குன்னா சொன்னது பலிக்கணும்லா? அதுவும் பலிக்கல. அதுலயும் நான் பொய்யன் ஆயிட்டேன்.

உள்ள ஆளு இல்ல, மேல ஆளு இல்ல, காத்தும் ஒரு வீச்சோட போயிருச்சு, அதனாலதான் நின்னுச்சுன்னு எவன்கிட்டச் சொல்ல? தலைக்கு வந்தது தலப்பாகையோட போச்சுன்னு கும்பிடு போட வேண்டியவங்க, பந்தல் நின்னுச்சுல்லா, பந்தல் நின்னுச்சுல்லான்னு ஊர் பூரா கேட்டுக்கிட்டுத் திரிஞ்சாங்க. அத்தான் என்னய வீட்டுக்குக் கூப்பிட்டு விட்டாரு. "மாப்ள, நீ ராணுவத்துலயே இருந்திருக்கணும். நம்ம தொழிலுக்கு நீ ஆவ மாட்ட"ன்னாரு. அக்கா அடுப்படியில இருந்துக்கிட்டே, "உன் வாயில நல்லதே வராதாடா?"ன்னு அழுதா. வாயில நல்லது வாரது முக்கியமா, நாலு உசுரு நிக்கிறது முக்கியமான்னு கேட்டேன். அதுக்கும் அழுகைதான் பதில்.

நான் வீட்டுல உக்காந்தேன். எனக்கு என்ன, பென்ஷன் வருது, கஞ்சிக்குக் குறைவில்ல. ஆனா ஏறுதவருக்கு? மறுவாரம் குடோன்ல எல்லாரையும் நிக்க வச்சு, அவர முன்னால கூப்பிட்டு, "நான் வதந்தி கெளப்புனது தப்புதான் மொதலாளி"ன்னு சொல்ல வச்சிருக்காங்க. சொல்லிட்டுக் கும்பிட்டாராம். அத்தான் பெரிய மனசு பண்ணி வேலையில வச்சுக்கிட்டாராம். அத மேஸ்திரி குரூப்புல போட, கீழ வரிசையா கும்பிட்ட கை. இத எங்கிட்டச் சொன்ன பையன், "அண்ணாச்சி, இப்ப கூட்டமெல்லாம் சீக்கிரமா முடிஞ்சிருது"ன்னான். முடியாமப் பின்ன?

ஆடி போயி ஆவணி வந்துச்சு. இளையரசனேந்தல்ல ஒரு காதுகுத்து. அன்னைக்கு மத்தியானம் எனக்குப் போன் வருது, ஏறுதவரு விழுந்துட்டாருன்னு. உச்சியில குழாயும் குழாயும் சேருத எடத்துல வெல்டிங் விட்டிருந்திருக்கு. கால வச்சுத் தம் பிடிச்சதும் முறிஞ்சிருக்கு. விழுந்தவரு நின்ன வாக்குலயே தரையில எறங்கியிருக்காரு. இடது கால் எலும்பு ரெண்டு துண்டு. அங்கன இருந்து நேரா திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்க.

மறுநாள் விடிஞ்சதும் பஸ் ஏறிப் போனேன். வழி பூரா எனக்கு ஆத்திரம். வார்டுக்குள்ள நுழைஞ்சா, கட்டில்ல அவரு மாவுக்கட்டோட கெடக்காரு. முகம் வெளுத்துப் போயிருக்கு, நெத்தியெல்லாம் வேர்வை. காலடியில பொண்டாட்டி. கட்டிலுக்கு இந்தப் பக்கம் எங்க அத்தான், ஒரு கையில ஆரஞ்சுப் பழம். பக்கத்துக் கட்டில்காரங்களுக்கெல்லாம் கேக்குத மாதிரி சொல்லிக்கிட்டு இருக்காரு. "வெல்டிங் விட்டிருக்குன்னு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருந்தா நான் ஏற விட்டிருப்பேனா? நான் என்ன அரக்கனா? எங்கிட்டச் சொல்லுததுக்கு என்னலே உனக்குத் தயக்கம்?"

எனக்குக் கண்ணு இருட்டிருச்சு. ஆஸ்பத்திரின்னு பாத்துப் பல்லக் கடிச்சுக்கிட்டேன்.

அத்தான் குனிஞ்சு அவரு தோள்ல கைய வச்சு, ரொம்பப் பாசமா, "இப்பவாவது சொல்லு. எங்கயாவது வலிக்கா? குறை எதுவும் இருக்கா? தைரியமாச் சொல்லு"ன்னாரு.

"ஒரு குறையும் இல்ல மொதலாளி. நல்லாருக்கேன்"ன்னாரு அவரு. ஒடம்பு நடுங்குது, பல்லு கிட்டிக்குது, ரெண்டு கையையும் கூப்பிக்கிட்டுச் சொல்லுதாரு.

நான் அவரு பொண்டாட்டியப் பாத்தேன். அவ என்னயப் பாக்கல, மாவுக்கட்டுக்கு வெளிய தெரிஞ்ச கால் விரலையே பாத்துக்கிட்டு இருந்தா. நானும் பாத்தேன். விரல் நாவப்பழக் கலர்ல இருந்துச்சு. தொட்டேன், ஐஸ். கிள்ளுனேன், அவருக்குத் தெரியல. ஓடிப் போயி டாக்டரக் கையோட கூட்டியாந்தேன். சின்ன வயசு டாக்டரு. பாத்ததும் அவரு முகமே மாறிருச்சு. "எப்ப இருந்து மரத்துப் போயிருக்கு? காலையில நான் கேட்டப்ப நல்லாருக்குன்னு சொன்னீங்களே?"ன்னாரு.

அவரு டாக்டரப் பாக்கல. எங்க அத்தான் முகத்தப் பாத்தாரு. பாத்துட்டு, "இப்பத்தான் சார், லேசா"ன்னாரு.

"பொய்!"ன்னு ஒரு சத்தம். நான் இல்ல, அவரு பொண்டாட்டி. "நேத்து சாயங்காலத்துல இருந்துங்கய்யா! உயிர் போகுதுன்னு எங்கிட்ட அழுதாரு. டாக்டர்கிட்டச் சொல்லும்னேன். பெரியவங்க கோவிச்சுக்கிடுவாங்க, மொதலாளி செலவு பண்ணுதாரு, குறை சொன்னா நல்லாருக்காதுங்காரு." அவ அத்தான் பக்கம் திரும்புனா. "வெல்டிங் விட்டிருந்ததும் இவருக்குத் தெரியும். காலையிலயே எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போனாரு. மொதலாளிகிட்டச் சொல்லிட்டு ஏறாம இருந்திருமேன்னேன். சொன்னா அந்த மிலிட்டரி அண்ணாச்சி கதிதான் எனக்கும், அவருக்காவது பென்ஷன் இருக்குன்னு சொல்லிட்டுப் போயி ஏறுனாரு. நீரு எல்லார் முன்னாலயும் கும்பிட வச்சீருல்லா? கும்பிட்டுக்கிட்டே விழுந்துட்டாருய்யா!"

டாக்டரு அங்கனயே மாவுக்கட்ட வெட்டித் திறந்தாரு. அப்படியே தள்ளிக்கிட்டு ஆபரேஷன் தியேட்டருக்குப் போனாங்க. ரத்த ஓட்டத்த மீட்கப் பாத்தாங்க, பாவம், அவங்களால ஆனதெல்லாம் செஞ்சாங்க. மறுநாள் முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க.

எடுத்த அன்னைக்கு வராண்டாவுல பெஞ்சுல அத்தானும் நானும் உக்காந்திருந்தோம். அத்தான் துண்டால வாயப் பொத்திக்கிட்டு அழுதாரு. நடிப்பில்ல, நெசமான அழுகை. அதுதான் எனக்குத் தாங்கல. கெட்டவரா இருந்திருந்தா சட்டையப் பிடிச்சிருப்பேன். "மனசு ஆற மாட்டேங்குது மாப்ள. இத்தன பேரு எங்கிட்ட வேலை பாக்கானுவ. ஒருத்தன், ஒரே ஒருத்தன் எங்கிட்ட வந்து உள்ளதச் சொல்ல மாட்டேங்கானே"ன்னாரு.

"நான் சொன்னேன் அத்தான்"னேன். "திருவேங்கடத்துல. பந்தல் நிக்காதுன்னு சொன்னேன்."

அவரு துண்ட எடுத்துட்டு, ஒண்ணும் புரியாம என்னயப் பாத்தாரு.

"அந்தப் பந்தல்தான் நின்னுச்சே மாப்ள"ன்னாரு.